மின்சாரக் கார் ஐந்து வருடம் தாண்டிய பிறகு: பேட்டரி, சாக்கெட், 12 வோல்ட், பிரேக் (விவாத இழை)

ஒற்றைப்பெடல்:
25 முதல் 40 யூனிட் கொள்ளளவு உள்ள, விலை குறைந்த மின்சாரக் கார்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். வாங்கிய முதல் மாதத்து அனுபவம் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. ஐந்து வருடம், 80,000 கிமீ தாண்டிய பிறகு எது தேய்கிறது, எது தேய்ந்தது போல் தோன்றுகிறது, எதை எப்படி அளப்பது என்பதைச் சேர்த்து வைப்போம்.

என் கருத்து இதுதான். எல்லோரும் பெரிய பேட்டரியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். காரைக் கிளம்பவிடாமல் செய்வது பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி (விளக்கு, கணினிகளுக்கான சின்ன பேட்டரி), சரியில்லாத எர்த், சூடேறிய சாக்கெட், இறுகிப்போன பிரேக் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) இவைதான். இதை மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம். "நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் எழுத வேண்டாம். என்ன அளந்தீர்கள், எந்த நிலையில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள்.

பழையசாவி:
முதல் கேள்வி. முழு சார்ஜில் டேஷ்போர்டு காட்டும் கிமீ, கார் புதிதாக இருந்தபோது காட்டியதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பேட்டரி அந்த அளவு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

செல்_சமன்:
கூடாது சார். டேஷ்போர்டில் வருவது ஊகம். கடைசியாக ஓட்டிய தூரத்தில் கிமீக்கு எவ்வளவு மின்சாரம் செலவானதோ, அதே கணக்கில் மீதியும் செலவாகும் என்று வைத்துக்கொண்டு கார் சொல்லும் எண் அது. வேகமாக ஓட்டிவிட்டு வந்து முழு சார்ஜ் போட்டால் எண் இறங்கியிருக்கும். நெரிசலில் நிதானமாக ஓட்டியிருந்தால் ஏறியிருக்கும். இதில் பேட்டரிக்கு வேலையே இல்லை.

வேகம் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. 1,400 கிலோ எடையுள்ள சின்னக் கார், மணிக்கு 80 கிமீ வேகத்தில் காற்றைத் தள்ளுவதற்குக் கிமீக்கு ஏறத்தாழ 57 வாட் மணியும், டயர் உருளுவதற்கு 38 வாட் மணியும் செலவிடும். 100 கிமீ வேகத்தில் டயர் கணக்கு அப்படியே நிற்கும், காற்றுக் கணக்கு 90 ஆகிவிடும். 95 வாட் மணி 128 ஆகிறது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். பேட்டரி ஒரு சதவீதம்கூடக் குறையாமலேயே ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், இப்படி விழும்.

அடுத்து டயர். காரோடு வந்த டயர் உருளல் தடை குறைந்த வகை. தேய்ந்த பிறகு சாதாரண டயர் போட்டால் அந்த 38 சுலபமாக 49, 50 ஆகும். "டயர் மாற்றிய பிறகு பேட்டரி கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்.

பழையசாவி:
அப்படியென்றால் உண்மையான கொள்ளளவை வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

செல்_சமன்:
இரண்டு வழி உண்டு. இரண்டையும் செய்து ஒப்பிடுவது நல்லது.

முதல் வழி மீட்டர். சார்ஜருக்கு முன்னால் ஒரு யூனிட் மீட்டர் இருக்க வேண்டும். பேட்டரியை 10 சதவீதத்துக்கு இறக்கி, ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு, நடுவில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். கார் தானாக நிறுத்தும் வரை பிளக்கை எடுக்க வேண்டாம். பயன்படும் கொள்ளளவு 26 யூனிட் உள்ள காரில் உள்ளே போவது 23.4 யூனிட். மீட்டரில் 26, 27 என்று காட்டும். நடுவில் காணாமல் போவது சார்ஜிங் இழப்பு. அது காருக்குக் கார் மாறுவதால் இந்த எண்ணை அடுத்தவர் காரோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் காரை அதே சார்ஜரில், அதே ஆம்பியரில், ஏறத்தாழ அதே வெப்பநிலையில் வருடத்துக்கு ஒருமுறை அளந்து, சென்ற வருட எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

இரண்டாவது வழி ஓபிடி டோங்கிள், காரின் சோதனை இணைப்பில் சொருகும் சின்னக் கருவி. உங்கள் மாடலுக்கான விவரக் கோப்பு உள்ள செயலி வேண்டும். நிசான் லீஃபுக்கு லீஃப்ஸ்பை இருக்கிறது. மற்ற பல கார்களுக்கு கார் ஸ்கேனர் உதவும். எஸ்ஓஹெச் (பேட்டரி நலம்) என்று வரும் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பிஎம்எஸ் (பேட்டரியை நிர்வகிக்கும் கணினி) தன் கணக்கில் சொல்வது. சில கார்கள் கொள்ளளவில் ஒரு பகுதியை மறைத்து வைத்து, இழப்பை முதலில் அதிலிருந்து ஈடுகட்டும். லீஃபின் டேஷ்போர்டில் பேட்டரி நலம் காட்டும் 12 கோடும் இருக்கிறது என்றால் பேட்டரி புதிது என்று பொருள் இல்லை. முதல் கோடு மறையவே 15 சதவீத இழப்பு வேண்டும், அதன்பின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறேகால். அதனால் பழைய கார் வாங்கும்போது கோட்டை எண்ணி விலை பேசுவது தவறு.

நான் முதலில் பார்ப்பது பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி செல்களின் வோல்டேஜ் வித்தியாசம். 15, 20 சதவீத சார்ஜில் பாருங்கள். பலவீனமான செல் அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கார் நிற்கும்போது, என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை) பேட்டரியில் வோல்டேஜ் அதிகமுள்ள செல்லுக்கும் குறைந்த செல்லுக்கும் 10, 20 மில்லிவோல்ட் வித்தியாசம் இருப்பது இயல்பு. 50ஐத் தாண்டினால் கவனியுங்கள். அதன்பின் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். எப்போதும் அதே எண்ணுள்ள செல் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இறங்கினால் அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு செல் கடைசியில் வந்தால் கவலை வேண்டாம்.

ஒற்றைப்பெடல்:
ஒன்று சேர்க்கிறேன். கொள்ளளவு நேர்கோட்டில் குறையாது. முதல் ஓரிரு வருடத்தில் சற்று வேகமாக இறங்கி, பிறகு நிதானப்படும். ஆனோடின் (செல்லின் நெகடிவ் முனை) மேல் படியும் படலம் தடிக்கத் தடிக்க அது வளரும் வேகமே குறைவதுதான் காரணம். முதல் வருடத்தில் 4 சதவீதம் போனால் பத்து வருடத்தில் 40 போகும் என்று பெருக்கிப் பார்த்து பயப்பட வேண்டாம்.

கியர்பெட்டி:
80 சதவீதத்தில் நிறுத்துவதா, 100 போடுவதா? எல்லா இடத்திலும் 80, 80 என்கிறார்கள். ஆனால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி உள்ள கார்களின் கையேட்டில் முழு சார்ஜ் போடச் சொல்கிறது.

செல்_சமன்:
இரண்டும் சரி, பேட்டரி வகை வேறு.

என்எம்சி செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த வோல்டேஜில், அதுவும் வெப்பத்தில், நேரம் போகப் போக மூப்பு கூடும். 100 போடுவது குற்றமில்லை. 100ல் போட்டு நாள்கணக்கில் வெயிலில் நிறுத்துவதுதான் கெடுதல். தூரப் பயணத்துக்கு முதல் நாள் இரவு ஏற்றி, காலையில் கிளம்பினால் ஒன்றும் ஆகாது.

எல்எஃப்பியின் சிக்கல் வேறு. 30 முதல் 80 சதவீதம் வரை வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அதனால் வோல்டேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று பிஎம்எஸ்ஸால் சொல்ல முடியாது. உள்ளே போனது, வெளியே வந்தது என்று ஆம்பியர் கணக்கு வைத்தே ஓட்டும். சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் 40க்கும் 70க்கும் நடுவிலேயே ஓட்டினால், 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கார் திடீரென்று 3க்கு இறங்கும். அது பேட்டரி பழுதல்ல, கணக்குப் பிழை. முழுதாக ஏறும்போதுதான் செல் வோல்டேஜ் எழும்பி, பிஎம்எஸ் தன் கணக்கைத் திருத்தும், செல்களைச் சமன் செய்யும். கையேட்டில் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, காராக நிறுத்தும் வரை விடுங்கள். டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் (பொது இடத்து வேக சார்ஜர்) 100 தொட்டதும் பிடுங்குவது இதற்கு உதவாது.

மற்றபடி எல்எஃப்பிக்கும் முழு சார்ஜில் கொதிக்கும் வெயிலில் கிடப்பது நல்லதல்ல. "எல்எஃப்பி என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

பழையசாவி:
டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் பேட்டரியைக் கொல்லும் என்பது?

செல்_சமன்:
தேவைப்படும்போது போடுங்கள். இரண்டு நேரத்தில் மட்டும் தவிருங்கள். ஒன்று, பேட்டரி குளிர்ந்து கிடக்கும்போது. ஆனோடின் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாத லித்தியம் மேலேயே உலோகமாகப் படியும், அந்த இழப்பு திரும்பாது. பிஎம்எஸ் வேகத்தைக் குறைத்துக் காப்பாற்றும், அதனால் உங்களுக்கு நேரமும் வீண். இன்னொன்று, திரவக் குளிர்ச்சி இல்லாத காரில் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுவது. இரண்டாவது சார்ஜ் நத்தை வேகத்தில் போகும், பேட்டரி சூடும் நெடுநேரம் இறங்காது. 80க்கு மேல் எந்தக் காரிலும் வேகம் விழும், அங்கே காத்திருப்பதில் லாபம் இல்லை.

வயர்மேன்:
எல்லோரும் காருக்குள்ளேயே நிற்கிறீர்கள். சுவரைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் தீ அங்கேயும் தொடங்கலாம்.

காரோடு வரும் கையடக்க சார்ஜர் 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். வெந்நீர் கீசரும் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுக்கும், ஆனால் விட்டு விட்டு. கார் எட்டு, பத்து மணி நேரம் நிறுத்தாமல் இழுக்கும். சாக்கெட்டில் தொடர்பு தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 15 ஆம்பியரில் 22.5 வாட் வெப்பம், ஒரு சின்ன இடத்தில். சாக்கெட்டுக்குள் சால்டரிங் அயர்னைச் சொருகி இரவு முழுக்க விட்டது போல. அதே சாக்கெட்டில் 10 ஆம்பியராகக் குறைத்தால் 10 வாட். அதனால் ஆம்பியர் குறைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

செய்ய வேண்டியவை:

காருக்கென்று தனி லைன் இழுங்கள், வேறு சாக்கெட்டிலிருந்து தொடுப்பு வேண்டாம். 15 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். 32 ஆம்பியர் சுவர் சார்ஜருக்குக் குறைந்தது 6 ஸ்கொயர் எம்எம், 40 ஆம்பியர் எம்சிபி. 6 ஸ்கொயர் எம்எம் வயரில் 20 மீட்டர் தூரத்துக்கு 32 ஆம்பியரில் ஏறத்தாழ 4 வோல்ட் குறையும், அது பரவாயில்லை. தூரம் அதிகம் என்றாலோ, வயர் குழாய்க்குள் மற்ற வயர்களோடு நெருக்கமாக வெப்பத்தில் போகிறது என்றாலோ 10க்குப் போங்கள்.

பல இழை வயரை அப்படியே முறுக்கி ஸ்க்ரூவுக்குள் திணிக்காதீர்கள். பின் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு அழுத்திய பிறகே டெர்மினலில் மாட்ட வேண்டும். செம்பு அமுங்கி ஸ்க்ரூ தளரும். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. சார்ஜ் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கையும் சாக்கெட் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியவில்லை, அல்லது பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது என்றால் சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்ட பிளக் புது சாக்கெட்டையும் கெடுக்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஒற்றைப்பெடல்:
எர்த் பற்றியும் எழுதுங்கள் அண்ணா. "எர்த் விளக்கு சிவப்பாக எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை" என்பது அடிக்கடி வரும் கேள்வி.

வயர்மேன்:
சார்ஜர் சிவப்பு காட்டினால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். கார் சார்ஜ் ஆகும்போது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 10, 20, 50 என்று ஆடினால் எர்த் குழி காய்ந்துவிட்டது, இணைப்பு துருப்பிடித்துவிட்டது, அல்லது எர்த் வயரே சாக்கெட் வரை வரவில்லை.

இங்கே சிலர் சொல்லும் ஒரு "தீர்வு" உயிரைக் குடிக்கும்: சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது. சார்ஜர் ஏமாந்துவிடும், பச்சை எரியும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் உடம்பு முழுக்க 230 வோல்ட். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவர் பிழைப்பது கடினம். இதைச் செய்யச் சொல்லும் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், அதுவும் ஏ வகை. சாதாரண ஏசி வகை ஆர்சிசிபி, காரிலிருந்து கொஞ்சம் டிசி கசிந்தாலே மரத்துப்போய், நிஜமான கசிவு வரும்போது விழாமல் இருந்துவிடும். சுவர் சார்ஜருக்குள் 6 மில்லிஆம்பியர் டிசி கண்டறியும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பி வகை வேண்டும்.

பழையசாவி:
7.4 கிலோவாட் சுவர் சார்ஜர் போட்டால் எந்தக் காரும் வேகமாக ஏறுமா?

வயர்மேன்:
இல்லை சார். ஏசியை டிசியாக மாற்றும் கருவி காருக்குள்தான் இருக்கிறது. சின்னக் கார்களில் அது 3.3 கிலோவாட் என்றால், சுவரில் என்ன மாட்டினாலும் 3.3தான். சுவரில் இருப்பது ஒரு சுவிட்சும் பாதுகாப்பும். "இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள்" என்று பைலட் கம்பியில் ஒரு கிலோஹெர்ட்ஸ் துடிப்பால் சொல்லும், அவ்வளவே. வாங்குமுன் காரின் உள் சார்ஜர் அளவைப் பாருங்கள்.

செல்_சமன்:
ஆனால் மிக மெதுவாக ஏற்றுவதும் சிக்கனம் அல்ல. சார்ஜ் ஆகும் நேரம் முழுக்க காரின் கணினிகள், பம்ப், 12 வோல்ட் மாற்றி எல்லாம் விழித்திருக்கும். 200, 300 வாட் அதற்கே போகும். 2.3 கிலோவாட்டில் ஏற்றும்போது அது பத்தில் ஒரு பங்கு, 7 கிலோவாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு. வயரிங் தாங்கினால் கார் ஏற்கும் அளவுக்கு ஏற்றுவதே நல்லது.

கியர்பெட்டி:
இயந்திரப் பக்கம்.

பிரேக்: ரீஜென் (மோட்டாரே காரின் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புவது) வேலை செய்வதால் பேட் தேயாது, அதனாலேயே கெடும். டிஸ்க்கில் துரு, காலிப்பர் ஸ்லைடு பின் இறுகுதல், ஒரு பக்கப் பேட் மட்டும் உரசிக்கொண்டே இருத்தல். அறிகுறி: ஓட்டி வந்ததும் ஒரு சக்கரம் மட்டும் சூடு, ரேஞ்ச் குறைவு. வருடத்துக்கு ஒருமுறை ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் பூசினால் பின்னின் ரப்பர் உறை உப்பிவிடும். வாரத்தில் சில முறை, பின்னால் யாரும் இல்லாதபோது, ரீஜெனைக் குறைத்து நன்றாக பிரேக் அழுத்துங்கள், டிஸ்க் சுத்தமாகும். பின்னால் டிரம் இருந்தால் தூசு தட்டி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும். கிமீ எவ்வளவு குறைவாக ஓடினாலும் இரண்டு வருடத்தில் மாற்றுங்கள்.

ரிடக்ஷன் கியர் (மோட்டார் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் கியர்) ஆயில்: அளவு பெரும்பாலான கார்களில் ஒன்று, ஒன்றரை லிட்டருக்குள். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சில கையேடுகள் சொன்னாலும், முதல் ஆயிலில் பல் பழகும்போது உதிரும் உலோகத் தூள் சேரும். 60,000 கிமீயில் ஒருமுறை மாற்றுவது என் பரிந்துரை. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. சில்லு சில்லாக இருந்தால் பேரிங் அல்லது பல் போகிறது. வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தமும் அதையே சொல்லும்.

டயர்: எடையும் மோட்டாரின் உடனடி இழுவிசையும் முன் டயரைத் தின்னும். 10,000 கிமீக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். உள் விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் சரிபாருங்கள். புது டயரில் லோட் இண்டெக்ஸ் (தாங்கும் எடைக் குறியீடு) பழையதைவிடக் குறையக் கூடாது.

ஒற்றைப்பெடல்:
12 வோல்ட் பேட்டரியை இன்னும் யாரும் தொடவில்லை, நானே எழுதுகிறேன்.

பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் பெரிய சுவிட்சுகள் (கான்டாக்டர்கள்) 12 வோல்ட்டில்தான் மூடும். அது சோர்ந்தால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் கார் கிளம்பாது, சார்ஜும் ஏறாது. முதல் அறிகுறி சம்பந்தமில்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிவது: ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் எல்லாம். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகம் மாற்றச் சொல்லுமுன் 12 வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள்.

காரை அணைத்து சில மணி நேரம் கழித்து: 12.6 என்றால் நலம், 12.2 என்றால் பாதி காலி, 12க்குக் கீழே என்றால் லோடு டெஸ்ட் செய்து மாற்றத் தயாராகுங்கள். ரெடி நிலையில் (ஓட்டத் தயாராகக் கார் விழித்திருக்கும்போது) 13.5 முதல் 14.5 வர வேண்டும். வரவில்லையென்றால் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை ஏற்றும் டிசி மாற்றியில் சிக்கல். நின்ற காரில் 20 முதல் 50 மில்லிஆம்பியர் இழுப்பு இயல்பு. செயலியை அடிக்கடி திறந்து காரை எழுப்புவது, ரெடி போடாமல் பாட்டு கேட்பது, எப்போதும் சொருகியே விட்ட ஓபிடி டோங்கிள் மூன்றும் அதைக் காலி செய்யும். மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்றவேண்டி வரும். நம் காரை இன்னொரு 12 வோல்ட்டால் எழுப்பலாம். நம் காரிலிருந்து வேறு காருக்கு ஜம்ப் கொடுப்பதைப் பல கையேடுகள் தடை செய்கின்றன, மீற வேண்டாம்.

கியர்பெட்டி:
திரவங்களில் இரண்டு ஆபத்து இருக்கிறது, வெளி மெக்கானிக்கிடம் விடுவோருக்கு முக்கியம். பேட்டரி கூலன்டில் சில கார்களுக்கு மின்கடத்தல் குறைந்த வகை வேண்டும். நிறம் ஒத்துப்போகிறது என்று வேறு எதையாவது கலக்கக் கூடாது. ஏசி கம்ப்ரஸர் உயர் வோல்டேஜில் ஓடுவது, அதற்கு பிஓஇ ஆயில். பெட்ரோல் கார்களுக்குப் போடும் பிஏஜி ஆயில் மின்காப்பைக் கெடுக்கும். கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் தங்கியிருக்கும் பிஏஜியே போதும். சில நாளில் "ஐசோலேஷன் ஃபால்ட்" (மின்காப்புப் பிழை) வந்து கார் ரெடி ஆகாது, கம்ப்ரஸரோடு மாற்றவேண்டி வரலாம். கேஸ் போடுமுன் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

வயர்மேன்:
அந்தப் பிழை ஈரத்தாலும் வரும். சார்ஜ் வாயில் தேங்கிய நீர், ஹீட்டர் கசிவு, உயர் வோல்டேஜ் போகும் ஆரஞ்சு கேபிளின் கனெக்டருக்குள் புகுந்த நீர். அடிப்பாகம் கழுவும்போது அதிவேக நீரைக் கனெக்டர்களின் மேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம். மழைநாளில் மட்டும் வந்து, காய்ந்தால் மறைகிறது என்றால் சர்வீஸ் சென்டரில் தேதியோடு பதியச் சொல்லுங்கள். ஆரஞ்சு கேபிளை நீங்களே திறக்க வேண்டாம்.

பழையசாவி:
கடைசியாக ஒன்று. இரண்டு மாதம் ஓட்டாமல் விட வேண்டும் என்றால்?

செல்_சமன்:
பெரிய பேட்டரியை 50 சதவீதத்தில் விட்டு நிழலில் நிறுத்துங்கள். சார்ஜரில் சொருகியே விட வேண்டாம். டயரில் காற்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக இருக்கட்டும். மேடு பள்ளம் இல்லாத தரையென்றால் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், டிரம் ஒட்டாது.

ஒற்றைப்பெடல்:
12 வோல்ட்டின் நெகடிவ் முனையைக் கழற்றி வைக்கலாம், கையேடு அனுமதித்தால். கழற்றுமுன் பானட்டையும் கதவையும் இயந்திரச் சாவியால் திறக்க முடிகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். பின் கதவு மின்பூட்டு உள்ள கார்களில் 12 வோல்ட் இல்லாமல் அது திறக்காது, அதனால் கருவிப் பெட்டியைக் காரின் முன்பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மாட்டியதும் சில விளக்குகள் எரியும். கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி தானாக ஏறாவிட்டால் ஒருமுறை முழுக்க இறக்கி, ஏற்றி, சில விநாடி பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.